சௌந்திரம் குடித்த முதல் தண்ணீர்

சௌந்திரம் தண்ணீர் குடித்தால் சத்தம் பிந்தி வந்தது. சொம்பைக் கீழே வைத்து, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு அவள் வாசல்வரை போன பிறகுதான், எங்கோ ஆழத்தில் 'தொளக்' என்று தண்ணீர் விழுந்தது. பெற்றவள் வசந்தாமணிக்கு அது முதலில் பிரமையாகத்தான் பட்டது. அப்புறம் பிள்ளைக்குச் சோறு இறங்காமல் போனது. எட்டு வயசுக் குழந்தை கஞ்சித்தண்ணியில் உயிரை வைத்துக்கொண்டிருந்தது. "தொண்டைல என்னமோ இருக்குதும்மா," என்பாள். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு மண்ணும் இல்லை.

எல்லாம் தோட்டத்தில் போர்க்கிணறு போட்ட நாளிலிருந்துதான். எண்பத்துமூன்றாம் வருசத்து வறட்சியில் நாமகிரிப்பேட்டைப் பக்கத்துத் தோட்டமெல்லாம் காய்ந்து கிடந்தபோது, நீரோட்டம் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். மூடிய பழைய கிணற்றின்மேல் வந்ததும் தேங்காய் விசுக்கென்று எழுந்து நின்றது. அது வசந்தாமணியின் புருசன் மருதாசலத்தின் முதல் சம்சாரம் கண்ணாத்தாள் விழுந்த கிணறு. கரும்பாலையில் பாதிச் சுண்டுவிரலைப் பறிகொடுத்தவள், ஒரு பிள்ளைக்கு ஏங்கி ஏங்கியே போய்ச் சேர்ந்தவள். ஆள் விட்டுத் தேடியும் உடல் கிடைக்காமல் கிணற்றை மண்போட்டு மூடியிருந்தார்கள்.

"அங்க மட்டும் வேண்டாமுங்க," என்று வசந்தாமணி காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். மருதாசலம் கேட்கிற ஜென்மமா? "தேங்கா பொய் சொல்லுமா? போ புள்ள," என்றான். துளை போடும் ரிக் வண்டி வந்தது, தண்ணீரும் பீறிட்டது. முதல் தண்ணீரை வீட்டுப் பெண்குழந்தை குடிக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். சௌந்திரம் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, "தித்திப்பா இருக்குதும்மா," என்றாள்.

சேலத்தில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே டாக்டர் ஜாபர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எலும்புதான்மா இதுல விழும். சதை விழாது. சதையோட சதையா எது உக்காந்திருந்தாலும் தெரியாது. வெள்ளை மருந்து ஒண்ணு குடிக்கச் சொல்றேன். அது எது மேல ஒட்டுதோ, அதோட உருவம் திரையில கறுப்பா தெரியும்."

இருட்டுக்குக் கண் பழக வேண்டுமென்று அவர் சிவப்புக் கண்ணாடி போட்டிருந்தார். "ஏம்மா, இவருக்குக் கண்ணு வலிங்களா?" என்று சௌந்திரம் கிசுகிசுத்துச் சிரித்தாள். பிள்ளை சிரித்து எத்தனை நாளாயிற்று! வசந்தாமணி அவள் தலையை வருடினாள். மாரியாத்தா, எம்புள்ளை நாலு வாய் சோறு தின்னாப் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. உள்ளே கறுப்புத் திரையை இழுத்துவிட்டதும் கையும் காலும் தெரியாத இருட்டு. டெட்டால் நெடியும் படம் கழுவும் மருந்தின் புளிப்பும் மூக்கில் ஏறின. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசம், நாள்பட்ட பாசியும் சேறுமாக, மெதுவாக, அறை முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. ஜாபர் கண்ணாடியைக் கழற்றினார். இயந்திரம் உறுமியது. பச்சையாய் ஒளிர்ந்த திரையில் பிள்ளையின் கழுத்தெலும்புகள் அடுக்கடுக்காக நின்றன.

"குடி சாமி," என்றாள் வசந்தாமணி.

கறுப்பு வாயில் நிறைந்தது. தொண்டைக்கு இறங்கியது. நின்றது.

"முழுங்கும்மா," என்றார் ஜாபர்.

முழுங்கினாள். கறுப்பு கீழே போகவில்லை. எதன்மேலோ வழிந்தது. ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. மூன்று. நான்கு. ஓரத்தில் ஐந்தாவது.

ஐந்தாவது பாதியில் நின்றுவிட்டது.

ஜாபர் வாய்க்குள் ஏதோ ஓதத் தொடங்கினார். திரையில் கோடுகள் மடங்கின. விரிந்தன. ஒரு கணு மேலே ஏறின.

"அக்கா..." வசந்தாமணி திரையைப் பார்த்துக் கும்பிட்டாள். "உட்டுருங்கக்கா. எனக்கு இருக்கறது இவ ஒருத்திதானுங்க."

விரல்கள் அசையாமல் நின்றன. கண்ணாத்தாள் கேட்டுவிட்டாள் என்றுதான் வசந்தாமணி நினைத்தாள். அப்போது அந்தச் சத்தம் வந்தது. தொளக். ஆழத்திலிருந்து இல்லை. பக்கத்தில்.

ஜாபர் தடுமாறிப்போய் விளக்கைப் போட்டார்.

சௌந்திரம் காலி டம்ளரோடு நின்றிருந்தாள். பயமே இல்லாமல், தூக்கம் வந்த பிள்ளைபோலக் கண்ணை மூடியிருந்தாள். வாய் பெரிதாகத் திறந்திருந்தது. மணிக்கட்டுவரை வெளியே வந்திருந்த ஈரக் கை, வெள்ளை மருந்து சொட்டச் சொட்ட, அந்தப் பாதிச் சுண்டுவிரலால் பிள்ளையின் கடைவாயைப் பதமாகத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தது, சோறூட்டி முடித்த தாய் துடைப்பதுபோல.