நிழலரசனின் தலை எங்கே?

மேசையில் உடல் கிடந்தது.

கரிய அங்கி. விரிந்த கைகள். முழங்கால் வரை சப்பாத்து.

கழுத்துக்கு மேலே... ஒன்றுமில்லை.

தில்லைநாதன் கத்திய கத்தலில் புளியங்குளம் சந்தியில் படுத்திருந்த மாடுகள் எழும்பிவிட்டன.

சைக்கிள் கடையின் பின்னறைக்கு மனைவி கமலாசனி அகப்பையோடு ஓடிவந்தாள்.

"ஆர் செத்தது?"

"நிழலரசன்ரை தலையை வெட்டிப்போட்டாங்கள், கமலா..."

அவள் மேசையைப் பார்த்தாள். தடித்த மட்டையில் கறுப்பு மையால் வரைந்த படங்கள். கடைசிக் கட்டத்தில் பிளேட்டால் வெட்டிய ஓட்டை.

"பேப்பர்ப் படமோ? நான் தாலியைப் பிடிச்சுக்கொண்டெல்லோ ஓடி வந்தனான்."

சும்மா படமில்லை. கொழும்பு வாரப்பத்திரிகையில் ஓடிய 'எரிகல் வீரன்' சித்திரக்கதையின் கடைசிப் பக்கம். ஓவியர் பாலன் தன் கையால் வரைந்த மூலம். பறக்கும் எரிகல் வீரன், வில்லன் நிழலரசனின் முகமூடியைக் கழற்றும் இடம். ஞாயிறுதான் அச்சில் வரும்.

இப்படி மூலப் பக்கங்களைச் சேர்க்கும் பைத்தியம் வன்னியில் இரண்டு பேருக்கு. பாதிக் கதை தில்லைநாதனின் அலுமாரியில். மீதி, முல்லைத்தீவுப் புடைவைக்கடை மஸாஹிரிடம். கடைசிப் பக்கத்தைப் பாலனிடமிருந்து தில்லைநாதன் வாங்கிவிட்டான். பந்தயம் இதுதான்: அந்தப் பக்கம் முழுசாக இருந்தால் மஸாஹிரின் பக்கங்கள் எல்லாம் அவனுக்கு. பழுதென்றால் அவனுடையவை எல்லாம் மஸாஹிருக்கு. இருவரும் சேர்ந்திருக்கும்போதுதான் வில்லனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் அந்தக் கட்டத்தைத் தாளால் மூடியே வைத்திருந்தான்.

மஸாஹிர் மத்தியான பஸ்ஸில் வருகிறார்.

"என்ன தம்பி சத்தம்?"

விதானை வீரகத்தி. ஊர்த் தலைமைக்காரர். சைக்கிளை ஒட்டுப்போடக் கொடுத்துவிட்டு, காலையிலிருந்து வெயிலுக்கு உள்ளே இருந்தவர். விசாரணையைத் தொடங்கினார்.

"ஆரிலை சந்தேகம்?"

"மஸாஹிர் நானாவிலை எண்டால்... ஆள் இன்னும் வந்து சேரேல்லை."

"வீட்டுக்காரி?"

"உள்ளுக்குப் போடுறதை வெளியிலை போட்டுக்கொண்டு பறக்கிறவன்ரை கதை எனக்கென்னத்துக்கு?" என்றாள் கமலாசனி. "வெட்டுறதெண்டால் இவர்ரை தலையை வெட்டியிருப்பன்."

"அது நியாயம்." விதானை கனைத்தார். "விடு தம்பி. ஒரு கள்ளன்ரை மூஞ்சி. அதுவும் சுளகு மாதிரிக் காது..."

தில்லைநாதன் நிமிர்ந்தான்.

"விதானையார்... காது சுளகு மாதிரி எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நானே இன்னும் பாக்கேல்லை."

விதானையின் கை தானாகத் தன் காதுக்குப் போனது. தில்லைநாதனும் அந்தக் காதைப் பார்த்தான்.

சுளகுதான்.

"போன வருசம் உந்தப் பாலன் இஞ்சை வேட்டைக்கு வந்து மான் இறைச்சியோடை அம்பிட்டவன்," என்றார் விதானை. "நான்தான் கோட்டுக்கு ஏத்தினனான். அந்தக் கோவத்திலை என்னை அச்சொட்டாக் கீறி வில்லனாக்கிப் போட்டான். காலமை மூடியிருந்த தாளைத் தூக்கிப் பாத்தால், நான்! மகளுக்குக் கலியாணம் பேசி வருது தம்பி. மாப்பிளை வீட்டார் பேப்பர் பாக்கிற ஆக்கள்."

"அதுக்கு வெட்டுறதோ?"

"எத்தினை காணி வழக்குக் கண்டவன் நான். மூல உறுதிப் பத்திரம் துலைஞ்சால் வழக்கே இல்லை."

தில்லைநாதன் தலையில் கைவைத்தான்.

"இது காணி உறுதியில்லை விதானையார். இதைப் பாத்து நாகத் தகட்டிலை அச்சு எடுத்த பிறகுதான் எனக்கு அனுப்பினவை. ஞாயிற்றுக்கிழமை உங்கடை காது இலங்கை முழுக்கப் போகும்."

விதானை கதிரையில் இருந்தார். விழுந்தார் என்பதே சரி. மடியிலிருந்து வெட்டிய படத்துண்டை எடுத்து நீட்டினார்.

"அப்ப இது எனக்கென்னத்துக்கு... பிடி."

வாசலில் செருப்புச் சத்தம். மஸாஹிர்! கையில் தன் பக்கங்களின் பெரிய கட்டு. நடந்ததைக் கேட்டார். ஓட்டையைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். விதானையைப் பார்த்தார்.

"தில்லையர், ஒட்டினாலும் வெட்டு வெட்டுத்தான். உங்கடை அலுமாரியைத் திறவுங்கோ." சிரிப்பை அடக்கினார். "பேப்பரிலை இந்த முகம் வராது. ஆரும் வழக்குப் போடுவினம் எண்டு ஆசிரியர் பயந்துபோனாராம். தகட்டிலை முகத்தைச் சுரண்டிப்போட்டு, முகமூடியைக் கழட்டாமலே கதையை முடிக்கினமாம். என்ரை மச்சான் அந்தப் பேப்பரிலைதான் வேலை. உலகத்திலை இந்தத் தலை இது ஒண்டுதான்."

விதானை பாய்ந்தார். துண்டைப் பிடித்திருந்த தில்லைநாதனின் கை அதைவிட வேகமாக உயர்ந்தது.

"மஸாஹிர் நானா, நீங்கள் வெண்டால் தலையை என்ன செய்வியள்?"

"கண்ணாடி போட்டுக் கடை வாசலிலை மாட்டுவன்."

"நான் வெண்டால் அலுமாரிக்குள்ளை பூட்டி வைப்பன்." தில்லைநாதன் திரும்பினான். "ஊர்த் தலைமைக்காரர் நீங்கள். தீர்ப்புச் சொல்லுங்கோ. பக்கம் முழுசோ, பழுதோ?"

விதானை யோசிக்கவே இல்லை.

"முழுசு."

"வெட்டினவரே தீர்ப்போ?" மஸாஹிர் வாய்விட்டுச் சிரித்தார். விதானையின் முகத்தை இன்னொரு தரம் ஆசைதீரப் பார்த்தார். கட்டை மேசையில் வைத்தார். "தோத்தன். இதைப் பாக்க எவ்வளவும் தோக்கலாம்."

கமலாசனி தேத்தண்ணியோடு வந்தாள். முதல் பேணியை விதானையிடம் நீட்டினாள்.

"ஞாயிற்றுக்கிழமையிலை இருந்து நிழலரசன் ஆர் எண்டு நாடே தேடப்போகுது. ஆள் எங்கடை கதிரையிலை இருக்கிறார். சீனி போதுமோ?"