நிறமில்லாத தகடு

குகநேசன் வாசலுக்கு வந்து, மனைவியின் காரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். எல்லாம் பழக்கதோஷம். தகட்டில் இலக்கம் மட்டும்தான் இருந்தது. நிறத்தைக் காணவில்லை.

வடபுலத்தில் அன்று காலையிலிருந்து எல்லா வாகனங்களும் அப்படித்தான். அதுவரை வாகனங்களில் இருந்தது உளத்தகடு. ஓட்டுபவரின் உள்ளங்கையில் நாடியையும் வியர்வையையும் கைபிடிக்கும் சுக்கான் சக்கரம் படித்துச் சொல்ல, பின்தகடு நிறம் மாறும். நிம்மதிக்கு வெள்ளை, பதற்றத்துக்கு மஞ்சள், துயரத்துக்கு ஊதா. ஊதாத் தகட்டுக்குப் பின்னால் யாரும் ஹார்ன் அடிப்பதில்லை. விபத்துகள் குறைந்தன. கூடவே ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்கும் வழக்கமும் குறைந்துபோனது. தகடுதான் சொல்கிறதே, வாயை எதற்கு வீணாக்க வேண்டும்?

சட்டத்தைத் திருத்தி அந்த நிறத்தை நீக்க வைத்தவள், குகநேசனின் மனைவி சிவதர்ஷினி. சட்டமன்ற உறுப்பினர். “என்ரை மனசைத் தெருவெல்லாம் வாசிக்கத் தேவையில்லை. தெரிய வேணுமெண்டா என்னைக் கேளுங்கோ” என்று மன்றத்தில் பேசினாள். எதிர்க்கட்சியும் சேர்ந்து மேசையைத் தட்டியது.

இப்போது அவள் காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். மார்பிலிருந்த கட்டி புற்றுநோய்தான் என்று டாக்டர் சற்றுமுன் உறுதியாகச் சொல்லிவிட்டார். கட்டி இருப்பதே குகநேசனுக்குத் தெரியாது. சில வாரங்களாகத் தகடு மஞ்சளாக இருந்ததைக் கண்டார்தான். சட்டமூலத்தைப் பற்றிய பதற்றம் என்று நினைத்துக்கொண்டார். மஞ்சள் என்றால் இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுப்பார், ஊதா என்றால் தொந்தரவு செய்யாமல் தனியே விட்டுவிடுவார். அவருக்குத் தெரிந்த அன்பு அவ்வளவுதான். நல்ல மனிதர், பாவம்.

இன்றைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தர்ஷினி, எப்பிடி இருக்கிறீர்?”

எத்தனையோ வருடங்களாக அவள் காத்திருந்த கேள்வி. ஆனால் வாயில் வந்தது வேறு.

“ஒண்டுமில்லையப்பா. களைப்பு, அவ்வளவுதான்.”

“அப்பாடா! நான் பயந்தே போனன். வாரும், தேத்தண்ணி போடுறன்” என்று அவர் சந்தோஷமாக உள்ளே போனார். தகடு ஒருநாளும் அவரிடம் பொய் சொன்னதில்லை. மனைவி சொல்வாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நம்மவர்களிடம் ‘ஒண்டுமில்லை’ என்பது பதிலே அல்ல. இன்னொருமுறை கேள் என்றுதான் அதற்கு அர்த்தம். இரண்டாம் தடவை கேட்கும்போதுதான் அழுகையே வரும். நிறத்தை நீக்கியபோது சிவதர்ஷினி இதை யோசிக்கவில்லை. இரண்டாவது கேள்வியை எந்தச் சட்டத்தில் எழுதுவது?

அவள் இறங்கிக் குசினிக்குப் போனாள். அவர் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தார்.

“இஞ்சருங்கோ, இன்னொருக்காக் கேளுங்கோ.”

“என்னத்தை?”

“வாசல்ல கேட்டதைத்தான். நான் ஒண்டுமில்லை எண்டு சொன்னாலும் விடாமல் கேளுங்கோ.” அவள் குரல் கெஞ்சியது.

குகநேசன் அடுப்பை அணைத்தார். வெகுகாலத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, உதடு நடுங்கியது. இதையெல்லாம் வாசிக்க அவர் பழகியிருக்கவில்லை. பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

“என்னம்மா நடந்தது?”

“ஒண்டுமில்லை” என்றாள் அவள், அழுதுகொண்டே.

அவர் மறுபடியும் கேட்டார்.