அடிக்காமல் விட்ட கல்

கெல்பரிக்கு யாரும் ஒரு காரியமாகப் போவதில்லை. சும்மா போவார்கள். ஞாயிற்றுக்கிழமை வானம் கொஞ்சம் வெளுத்தால் போதும், பிள்ளைகளைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய், சந்தைச் சதுக்கத்தில் சாசேஜ் ரோல் தின்று, தூண்களின்மேல் நிற்கும் பழைய சந்தைக்கூடத்தடியில் படம் எடுத்துக்கொண்டு, ஆற்றில் வாத்துகளை வேடிக்கை பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புவார்கள். மே மாதத்தில் ஒரு ஞாயிறு ராபினும் அப்படித்தான் மனைவி ஜோஸியையும் ஆறு வயது மகள் ஹெட்டியையும் கூட்டிக்கொண்டு நாட்டிங்ஹாமிலிருந்து கிளம்பினான். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்று நாய்க்கு ஒரு வேளைத் தீனி மட்டும் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

ராபினுக்கு விளையாட்டுப் புத்தி. செய்யாதே என்று எழுதிப் போட்டிருந்தால் அதைச் செய்து பார்க்கிற ஆள். அதற்காகத்தான் ஜோஸி அவனைக் கட்டிக்கொண்டாள். பாதி நாள் அதற்காகத்தான் திட்டவும் செய்தாள்.

பாலத்தைத் தாண்டி வண்டியை நிறுத்திவிட்டுச் சதுக்கத்துக்கு வந்தபோது வழக்கத்தைவிடக் கூட்டம் இருந்தது. அன்றைக்கு எல்லை அடிக்கும் நாள். போதகர் முன்னால் நடக்க, ஊரே தோல் சீவிய வில்லோ மரக் கழிகளை எடுத்துக்கொண்டு எல்லையைச் சுற்றிவரும் நாள். சந்தைக்கூடத்தின் அடியில் ஒல்லியான கிழவி ஒருத்தி கழிகளைக் கட்டாக வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மிஸ் ஆர்ட்டன் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள்.

"இந்தா வாத்தே, உனக்கு ஒண்ணு," என்று ஹெட்டியிடம் நீட்டினாள். அந்தப் பக்கத்தில் செல்லமாக யாரையும் வாத்து என்றுதான் அழைப்பார்கள். "எங்கேர்ந்து வர்றீங்க?"

"நாட்டிங்ஹாம்," என்றாள் ஜோஸி.

"அட! நானும் அந்த ஊர்ப் பொண்ணுதான். இவ வயசுல, அப்பா அம்மாகூட ஒரு நாள் சுத்திப் பாக்க இங்க வந்தேன்."

"அப்புறம் என்ன, கடைசி பஸ்ஸை விட்டுட்டீங்களா?" என்று ராபின் சிரித்தான்.

அவளும் சிரித்தாள். ஆனால் பார்வை என்னவோ ஹெட்டியின் முகத்திலேயே இருந்தது.

ஊர்வலம் தோட்டங்களின் பின்பக்கமாகவும் வயல் வரப்புகளிலும் போயிற்று. ஒவ்வொரு எல்லைக்கல்லிலும் நின்று எல்லோரும் கழியால் டக்டக்கென்று அடித்தார்கள். பிறகு ஊர்ப்பிள்ளை ஒன்றைக் கையும் காலுமாகத் தூக்கி, அந்தக் கல்லின்மேல் மும்முறை பொத்தென்று உட்காரவைத்து இறக்கினார்கள். வரைபடம் இல்லாத காலத்து வழக்கம். பின்பக்கம் வலித்த பிள்ளைக்குச் சாகும்வரை எல்லை மறக்காது என்று ஒரு கணக்கு. இப்போது யாருக்கும் வலிப்பதில்லை, பிள்ளைகள் நான் நீ என்று அடித்துக்கொண்டு முன்னால் ஓடின.

"நானும்! நானும்!" என்று ஹெட்டி ஒவ்வொரு கல்லிலும் குதித்தாள்.

"மன்னிச்சுக்கோ கண்ணு, இது இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான்," என்றார் போதகர். ஹெட்டியின் உதடு பிதுங்கியது.

கடைசிக் கல் பாலத்தடியில் இருந்தது. மற்றவற்றைவிடச் சின்னது. பாதி மண்ணில் புதைந்து, நடுவில் குழிந்து, குழந்தை நாற்காலிபோல் வழுவழுப்பாகக் கிடந்தது. அங்கே வந்ததும் பேச்சு நின்றது. எல்லோரும் கழியைத் தாழ்த்திக்கொண்டு, கல்லைப் பார்க்காமல் கடந்து போனார்கள்.

"இதை அடிக்கலையா?" என்று ராபின், தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஹார்வியிடம் கேட்டான்.

"இதை அடிக்கறதில்ல."

"ஏன்?"

"அடிக்கறதில்ல, விடுங்க. மேல வாங்க, பன்னும் பீரும் ஆறிடும்."

பீர் எப்படி ஆறும் என்று ராபினுக்குச் சிரிப்பு வந்தது. கூட்டம் மேட்டில் ஏறி மதுக்கடைக்குப் போய்விட்டது. ஹெட்டி மட்டும் கழியைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகரமாட்டேன் என்று நின்றாள். கொஞ்சம் தள்ளி மிஸ் ஆர்ட்டன், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள்.

"புள்ள ஆசைப்படுதே," என்றாள் மெதுவாக. "யாரும் பாக்கல."

ராபினுக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது. மகளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். ஜோஸி போனை எடுத்தாள். "சீக்கிரம் முடி, மாட்டினா மானம் போயிடும்."

"ஒண்ணு!"

ஹெட்டி கிளுகிளுவென்று சிரித்தாள்.

"ரெண்டு!"

"மூணு!"

மூன்றாவதற்கு அவள் சிரிக்கவில்லை.

ஆற்றின் சத்தம் நின்றுவிட்டது. காது அடைத்துக்கொண்டதோ என்று ராபின் தலையை உதறினான். அப்போது பாலத்துக்கு அடியிலிருந்து, ஆள் யாரும் நிற்க வழியில்லாத இடத்திலிருந்து, கழிகள் கல்லைத் தட்டும் சத்தம் கேட்டது. பச்சைப் பட்டையும் ஆற்றுச் சேறும் கலந்த ஒரு நெடி எழுந்தது.

டக். டக். டக்.

மிஸ் ஆர்ட்டனின் கைப்பை கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. பாலத்தில் ஏறி, நடுவில் வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கால் வைப்பவள்போல் ஒரு காலை நீட்டினாள். மறு காலையும் வைத்தாள். ஐயோ என்று ஒரு சத்தம் போட்டாள், அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அப்புறம் அந்த வயதில், அந்த உடம்போடு, ஓட ஆரம்பித்தாள்.

"பஸ்ஸைப் பிடிச்சிட்டா போல," என்றான் ராபின். ஜோஸி சிரிக்கவில்லை. ஹெட்டி கல்லிலிருந்து தானாகவே இறங்கி, கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கிளம்பினார்கள். கார் பாலத்தின் நடுவுக்கு வந்தபோது வண்டிக்கு அடியில் டக்டக்கென்று அடித்தது. கல் தெறிக்கிறது என்று நினைத்தான் ராபின்.

"ராபின்!" ஜோஸியின் குரல் அவளுடையதாக இல்லை. "மூச்சு விடல! அவ மூச்சு விடல!"

கண்ணாடியில் பார்த்தான். ஹெட்டி விழித்தபடி உட்கார்ந்திருந்தாள். உதடுகள் நீலமாகியிருந்தன. மருத்துவமனை முன்னால்தானே இருக்கிறது என்று ஆக்சிலேட்டரை மிதித்தான். அவள் தலை தொங்கியது. கால் தானாக பிரேக்கை மிதித்தது. என்ன நினைத்தானோ, ஹாரன்கள் அலற அலற வண்டியைப் பின்னால் எடுத்தான்.

பாலத்தின் நடுவைத் தாண்டியதும் ஹெட்டி மூச்சை இழுத்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஹெட்டியைப் படுக்கவைத்து, முகத்தில் ஆக்சிஜனை மாட்டி, அதில் வந்த பெண் ஊழியர் தைரியம் சொல்லிக்கொண்டிருக்க, வண்டி பாலத்தில் ஏறியது. அதே இடம், அதே சத்தம். ஆக்சிஜன் போய்க்கொண்டுதான் இருந்தது, பிள்ளையின் நெஞ்சுதான் ஏறி இறங்கவில்லை. வண்டி பின்னால் திரும்பி வந்தது. அந்தப் பெண் இறங்கிக் கையுறைகளைக் கழற்றிவிட்டு, வெகுநேரம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மில் பக்கமாக ஊரைவிட்டு வெளியேறும் சாலையில் போய்ப் பார்த்தார்கள். ரயிலில் ஏற்றிப் பார்த்தார்கள். அவள் தூங்கும்போது தூக்கிக்கொண்டு ஓடிப் பார்த்தார்கள். ஊருக்குள் வந்து பார்த்த டாக்டர்கள் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஒரு நாள் ஜோஸி தன் ஸ்கார்ஃபால் ஹெட்டியின் கண்ணைக் கட்டி, பார்லி வயலில் நடக்கவிட்டாள். வேலியோ வரப்போ இல்லாத இடத்தில் பிள்ளை சட்டென்று நின்றது.

"இங்கதான்மா முடியுது."

"என்னடி முடியுது?"

"நான் போக முடியற இடம்."

ராபின் முட்டிபோட்டுப் பார்லித் தாள்களை விலக்கினான். அவள் கால் விரலுக்கு முன்னால் மண்ணில் ஒரு கல் புதைந்திருந்தது.

அன்று கோயில்பிள்ளை ஹார்வியின் வீட்டுக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினான். ஹார்வி கதவைத் திறந்து, வராந்தாவிலேயே நின்று பேசினார்.

"ஆர்ட்டன் குடும்பமும் இதே மாதிரி ஒரு எல்லை அடிக்கற நாள் கூட்டத்துல வந்துச்சுன்னு எங்கப்பா சொல்லுவாரு. அவங்கப்பாவும் உங்கள மாதிரிதான், சிரிச்சுக்கிட்டே தூக்கி வெச்சாராம். அப்புறம் மில்லுல வேலைக்குச் சேர்ந்து இங்கேயே செத்தாரு."

"தெரிஞ்சே ஏன்யா சொல்லல? ஒரு பலகையாவது வெச்சிருக்கக் கூடாதா?"

"என்னன்னு எழுதறது? நம்பறவன் இந்த ஊருக்கே வரமாட்டான். நம்பாதவன் உக்காந்து பாப்பான்." ஹார்வி தரையைப் பார்த்தார். "சந்தை ஊரு தம்பி. ஞாயித்துக்கிழமை நாலு குடும்பம் வந்தாதான் எங்களுக்கு அடுப்பு எரியும்."

"பேத்துப் போட்டுடறேன். அந்தக் கல்லை இன்னிக்கே பேத்து ஆத்துல போடறேன்."

"அந்தம்மாவோட அப்பா போட்டாரு. விடிஞ்சா அதே இடத்துல இருந்துச்சாம்."

ராபினின் தோள் தொங்கிப்போயிற்று. "என் பொண்ணு மாதிரி இன்னும் எத்தனை பேரு இருக்காங்க?"

"ஒருத்தர்தான்," என்றார் ஹார்வி. "எப்பவும் ஒருத்தர்தான் இருப்பாங்க."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார். பாலத்தோரம் மிஸ் ஆர்ட்டன் இருந்த வீட்டின் சாவி.

வேறு வழியில்லாமல் அந்த வீட்டுக்குள் போனார்கள். பாலத்தைப் பார்த்த ஜன்னலின் கட்டை, பெரியவர்களின் முழங்கை உயரத்தில் தேய்ந்திருந்தது. அதற்குக் கீழே, ஹெட்டியின் தாடை உயரத்தில், இன்னொரு தேய்மானமும் இருந்தது. ஹெட்டி வந்த அன்றே அதில் தாடையை வைத்துக்கொண்டாள், சரியாகப் பொருந்தியது.

ஜோஸி வேலைக்காக நாட்டிங்ஹாம் போய்வந்தாள். நாயைப் பக்கத்து வீட்டுக்காரர் வைத்துக்கொண்டார். ராபின் ரொட்டிக்கடையில் மூட்டை சுமந்தான். அவனுடைய வேடிக்கைப் பேச்செல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பொழுது சாயும் நேரத்தில் தரைக்கு அடியில் டக்டக்கென்று தட்டும். ஜோஸி ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். பாட்டு முடிகிற இடைவெளியில் மறுபடி கேட்கும்.

"யாருடி கண்ணு அது?" என்று ஒரு நாள் ராபின் பயத்தை அடக்கிக்கொண்டு கேட்டான்.

"எண்ணறாங்கப்பா," என்றாள் ஹெட்டி. "நான் இருக்கேனான்னு."

ஜூலை வந்ததும் கூட்டம் அதிகமாயிற்று. ஞாயிறுதோறும் குடும்பம் குடும்பமாகப் பாலத்தடிக்கு வந்தார்கள். ஐஸ்கிரீமும் குடையும் தள்ளுவண்டிக் குழந்தையுமாக வந்து, அந்தக் கல்லைப் பார்த்து, "அட, குட்டி நாற்காலி மாதிரி இருக்கே!" என்றார்கள். முதல் ஞாயிறு ராபினே போய் அதன்மேல் கால்போட்டு உட்கார்ந்துகொண்டான், யாரையும் நெருங்கவிடவில்லை. பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த ஞாயிறும் உட்கார்ந்தான். அதற்கடுத்த ஞாயிறு, ஒரு தகப்பன் தன் சின்னப் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தபோது, "படம் எடுத்துத் தரட்டுமா?" என்று தன் வாய் கேட்கத் தயாராவதை உணர்ந்தான். எழுந்து வீட்டுக்குள் ஓடி, கையைக் கடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தான். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போவதை நிறுத்திவிட்டான்.

ஜோஸி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. சதுக்கத்தில் பேண்டு வாசித்தார்கள். ஜன்னலில் ஹெட்டி இல்லை.

ராபின் வாசலுக்கு வந்தான். ஹெட்டி கல்லின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எதிரில் ஐஸ்கிரீம் வழியும் மூக்கோடு நாலு வயதுப் பையன். பின்னால் அவன் அப்பா, சந்தையில் வாங்கிய வேடிக்கைத் தொப்பி வைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதுல உக்காந்தா ராஜாவாம், தெரியுமா?" என்றாள் ஹெட்டி. "உங்கப்பா தூக்கி வெப்பாரு. மூணு வாட்டி. வலிக்கவே வலிக்காது."

"ராஜாவா!" என்றான் பையன்.

"கேட்டுட்டியா, பாப்பாவே சொல்லிடுச்சு!" தொப்பிக்காரன் குனிந்து மகனின் அக்குளில் கைகொடுத்தான்.

இந்த வார்த்தைகளை யாரும் ஹெட்டிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ராபின் சொல்லவில்லை. ஜோஸி சொல்லியிருக்கமாட்டாள். சொல்லியிருப்பாளோ?

ஹெட்டி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தாள்.

கத்த வேண்டும். ஒரே ஒரு வார்த்தை போதும்.

"ஒண்ணு!" என்றான் தொப்பிக்காரன்.

ராபின் கத்தவில்லை. கால் நகரவில்லை. நகரவிடாமல் எதுவும் அவனைப் பிடித்திருக்கவும் இல்லை, அது அவனுக்கே தெரிந்தது.

"ரெண்டு!"

பின்னால் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினான். ஜோஸி காரில் உட்கார்ந்து இன்ஜினைப் போட்டிருந்தாள். ஹெட்டிக்காகப் பின்கதவு திறந்திருந்தது. ஜோஸி கல் இருந்த பக்கம் பார்க்கவே இல்லை. இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆற்றின் சத்தம் நின்றது.

பச்சைப் பட்டையின் நெடி வாசல்வரை வந்தது.

டக்.