நிறுத்திய ஊசி

ஸ்பிரிட் விளக்கின் மேல் கண்ணாடிக் குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. நீல மருந்தில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். அன்று கணவர் இருதயநாதனின் குழாய் பச்சையாகி, மஞ்சளாகி, வியாகுலம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கல் நிறமாகி அடியில் படிந்தது. தொடர்ந்து ஒன்பதாவது நாள்.

பின்னால் வந்து நின்ற நாத்தனார் அற்புதம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"நேத்து என்னத்தக் கொடுத்த அவனுக்கு?"

"கேப்பைக் களியும் கீரையும்தான் அண்ணி. நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?"

"நான் இருந்தப்ப அது. நான் பூசைக்குப் போனப்புறம்? மாதா திருநாள் பாயசத்துல ஒரு டம்ளர் கொறைஞ்சிருந்துச்சே... எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அந்த டம்ளர் பாயசம் அடுத்த வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்குப் போனது. வியாகுலம்மாள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பேச்சு வரும். லால்குடியில் வாத்தியாராக இருந்த கணவர் அடைக்கலராஜ் இறந்ததும் அற்புதம்மாள் மேலப்புதூரில் தம்பி வீட்டுக்கு வந்தவள். பதிமூன்று வருஷமாகிறது. அந்த வீட்டில் எது தப்பிப்போனாலும் அது வியாகுலம்மாளின் கைப்பிழை என்றாகிப் பல காலம் ஆயிற்று.

இருதயநாதன் கூடத்து நாற்காலியில் செருப்பு கடித்த காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஹெட் கிளார்க். ஆறு வருஷமாக மாத்திரையில் காலம் தள்ளியவர். இரண்டே மாதத்தில் சட்டை தோளில் தொங்கும்படி இளைத்துவிட்டார். குதிகால் புண் ஆறவேயில்லை. அக்கா பேசியது அத்தனையும் அவர் காதில் விழுந்தது. புண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று காலையே வியாகுலம்மாள் அவரை டாக்டர் சவரிநாதனிடம் அழைத்துப் போனாள்.

"மாத்திரை இனிமே கேக்காது சார்," என்றார் டாக்டர். "உங்க உடம்புல இன்சுலின் சுரக்குற வரைக்கும் மாத்திரை அதைக் கிளப்பிவிட்டுச்சு. இப்ப சுரப்பே வத்திப்போச்சு. இல்லாததை எங்கேருந்து கிளப்பும்? சிலருக்கு இப்படி ஆகும். இதுல உங்க தப்பும் இல்ல, வீட்டம்மா தப்பும் இல்ல. தினம் இன்சுலின் ஊசி போட்டுக்கணும்."

இருதயநாதனின் முகம் வெளிறியது. "எங்க மச்சான் அந்த ஊசி போட்டுத்தான் டாக்டர் செத்தார். ஆரம்பிச்சு பதினஞ்சே நாள்."

"ஊசியாலயா? யார் சொன்னா?"

"எங்க அக்காதான் கூட இருந்தது. அதுக்குத் தெரியாதா?"

டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இன்னும் தள்ளிப்போட்டால் கால் போகும், உயிருக்கே ஆபத்து என்றார். இருதயநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். மனைவி அங்கேயே தயங்கி நின்றதை அவர் கவனிக்கவில்லை.

வீட்டில் விஷயம் கேட்டதும் அற்புதம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஊசியா? வேணாம் தம்பி. அந்தப் பேச்சே இந்த வீட்ல எடுக்கக் கூடாது," என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது.

மறுநாளிலிருந்து வியாகுலம்மாள் மத்தியானம் ஒரு மணி நேரம் வெளியே போய் வந்தாள். ஐந்தாம் நாள் அற்புதம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"புருஷன் படுத்துக் கெடக்குறான். நீ தினம் எங்கடி போயிட்டு வர்ற?"

வியாகுலம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். அதற்குள் அற்புதம்மாள் அவள் கையைப் பற்றித் திருப்பிவிட்டாள். முழங்கைக்கு மேலே சிவப்புப் புள்ளிகள். எண்ணினால் பத்துக்குக் குறையாது.

"என்ன இது?"

"டாக்டர்கிட்ட நர்ஸம்மா ஊசி போடச் சொல்லிக் கொடுக்குறாங்க அண்ணி. ஆரஞ்சுப் பழத்துல குத்திப் பழகினேன். அப்புறம்... அவருக்கு எவ்வளவு வலிக்கும்னு தெரிஞ்சுக்க வேணாமா? வெறும் உப்புத்தண்ணிதான். எனக்கு நானே போட்டுப் பாத்தேன். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு. அவர் எப்ப சரின்னு சொன்னாலும் நான் தயாரா இருக்கணும்ல..."

அற்புதம்மாள் அந்தக் கையைச் சட்டென்று விட்டுவிட்டு உள்ளே போனாள். அன்று இரண்டு வேளையும் அவள் சாப்பிடவில்லை.

விடிந்தபோது இருதயநாதன் வாந்தி எடுத்தார். எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு ஆழமாக, ஓடி வந்தவர் வாங்குவதுபோல் வாங்கியது. காப்பியோடு வந்த அற்புதம்மாள் அவர் முகத்தருகே குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டம்ளர் கையிலிருந்து நழுவியது.

"அந்த வாசனை..."

"என்ன வாசனை அண்ணி?"

"பழம் அழுகுன வாசனை. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வந்துச்சு. கடைசி நாள்... இதே வாசனை, இதே மூச்சு." அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வியாகுலம், ஓடு, வண்டியக் கூப்பிடு. ஊசியப் போடச் சொல்லு."

வியாகுலம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்கதானே வேணாம்னீங்க?"

"ஊசி போட்டதால அவர் சாகலடி. நான்தான் நிறுத்தினேன்."

அற்புதம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி, மறுபடி எடுத்தாள்.

"பத்து நாள் போட்டாங்க. எந்திரிச்சு நடந்தார், பள்ளிக்கூடத்துக்குப் போறேன்னார். தெருவுல நாலு பேர், ஒரு தடவை ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் விடாது, ரத்தத்தையே கெடுத்துடும்னு சொன்னாங்க. தினம் அவரைக் குத்துறதப் பாக்க எனக்கும் மனசு ஆகல. அவருக்கே தெரியாம, டாக்டர் போதும்னுட்டார்னு சொல்லி கம்பவுண்டரத் திருப்பி அனுப்பிட்டேன். அஞ்சாம் நாள் இந்த வாசனை வந்துச்சு. அன்னிக்கே போயிட்டார்." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லார்கிட்டயும் ஊசிதான் கொன்னுச்சுன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பப் பாத்தேன்... சேசுவே, இப்ப என் தம்பியையும் கொல்றேனே."

கட்டிலில் இருதயநாதன் கண்ணைத் திறந்தார். அவர் அக்காவைப் பார்த்த பார்வையை வியாகுலம்மாளால் பார்க்க முடியவில்லை.

"அப்ப... மச்சான் பொழைச்சிருப்பாரா?"

அற்புதம்மாள் ஆமென்று தலையை அசைத்தாள்.

"போடச் சொல்லு வியாகுலம்," என்றார் அவர். அதற்கப்புறம் அவருக்கு நினைவில்லை.

ஜட்கா வண்டியில் அவரை மடியில் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மணிக்கு ஒரு முறை இன்சுலின், நரம்பு வழியாக உப்புத்தண்ணீர். மூன்றாம் நாள்தான் தெளிவாகப் பேசினார். ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார் சவரிநாதன். அற்புதம்மாள் தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து வராந்தாவில் நிற்பாள். உள்ளே வரமாட்டாள். இருதயநாதனும் கூப்பிடவில்லை.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் காலை வியாகுலம்மாள் கண்ணாடி ஊசியை வெந்நீரில் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது, அற்புதம்மாள் துணிப்பெட்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"முசிறியில சித்தப்பா மக வீடு இருக்கு. போயிட்டு வரேன்... இல்ல, போறேன். குழாய் செவந்து வந்தப்பெல்லாம் உன்னைத் திட்டினேன். உன் மேல பழிய வச்சா என் மேல இருக்கிறது கொஞ்சம் கொறையும்னு நெனச்சேன் போல. நீ மன்னிக்க வேணாம். நான் கேக்கவும் இல்ல."

வியாகுலம்மாளுக்கு உடனே இரக்கம் வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான். பதிமூன்று வருஷத்துப் பேச்சு அத்தனையும் நெஞ்சில் முட்டியது.

"நீங்க பேசினது ஒண்ணும் நான் மறக்கல அண்ணி. மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் இன்னிக்கு வெள்ளைச் சேலை கட்டியிருப்பேன். அதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும்... பெட்டியக் கீழ வைங்க."

அற்புதம்மாள் அசையவில்லை. பெட்டி கையிலேயே இருந்தது. வியாகுலம்மாள் மருந்தை ஏற்றிக்கொண்டு அவளைக் கடந்து அறைக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பக்கத்தில் நின்றபோது தடுமாறாத கை, இப்போது கணவரின் தோலருகே வந்ததும் நடுங்கியது. இரண்டு முறை கொண்டுபோய் இரண்டு முறையும் பின்வாங்கினாள். இருதயநாதன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசற்படியில் நின்ற உருவத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அக்கா," என்றார், பத்தொன்பது நாளில் முதல் தடவையாக. "இவளுக்குக் கை நடுங்குது. வந்து என் கையைப் பிடிச்சுக்க."

பெட்டி தொப்பென்று விழுந்தது. அற்புதம்மாள் வந்து தம்பியின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொள்ளவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை. ஊசி உள்ளே இறங்கி மருந்து முழுக்கப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

"ஏழு மணிக்கு அண்ணி," என்றாள் வியாகுலம்மாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டு நாத்தனாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.