பூட்டிய அறையிலிருந்து வந்த கதைகள்

அன்று தட்டு வழித்துத் துடைத்தது போலத் திரும்பி வந்தது. பன்றிக்கொழுப்பு போட்டு வேகவைத்த அவரையில் ஒரு வெங்காயத் துண்டுகூட மிச்சமில்லை. லெம்யுவல் இந்த நாற்பத்தொரு வயதுவரை வெங்காயத்தை வாயில் வைத்தவனில்லை. துண்டு துண்டாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

தர்ஸா தட்டைப் பிடித்தபடி மாடியில், தம்பியின் பூட்டிய அறைக்கு வெளியே நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் பேனா கீறிக்கொண்டிருந்தது. ஆற்றில் பனிக்கட்டி அறுக்கும் ரம்பங்களின் ஓசை தூரத்திலிருந்து வந்தது. கதவிடுக்கில் சாராய வாடை வருகிறதா என்று மூக்கை வைத்துப் பார்த்தாள். வரவில்லை. மழைக்குப் பின் தோண்டிய களிமண்ணின் வாடைதான் வந்தது.

உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் முதலில் தோன்றியது.

அவள் தம்பியின் கதைகளை நியூயார்க் பத்திரிகைகள் கேட்டு வாங்கிப் போட்ட காலம் ஒன்று உண்டு. அவன் கிறுக்கித் தள்ளுவதை அழகாகப் படியெடுத்து அனுப்புவது அவள் வேலை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் ஐம்பது வயதை எட்டியவளுக்கு அந்த வேலைதான் வாழ்க்கை. பிறகு குடி வந்தது. இரண்டு வருஷமாக ஒரு கதையும் முடியவில்லை. டிசம்பரில் படகுத்துறைச் சேற்றில் பாதி உடம்பு தண்ணீரில் கிடக்க அவனைத் தூக்கி வந்தபோது டாக்டர் க்வின்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இருபத்தொரு நாள் அறையில் போட்டுப் பூட்ட வேண்டும், என்ன கத்தினாலும் திறக்கக் கூடாது. தச்சன் வந்து ஜன்னலை ஆணியடித்துவிட்டு, கதவின் அடியில் தட்டு நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் திறப்பு, ஒரு திட்டி, அறுத்துக் கொடுத்தான். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

நான்கு நாள் கத்தினான். "கதவத் தொற தர்ஸா! நீயெல்லாம் ஒரு மனுசியா? செத்துப்போயிடுவேன்டி!" கதவை நகத்தால் பிறாண்டினான். அவள் கீழே தலையணையில் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் வீடு அமைதியாக இருந்தது. தட்டை உள்ளே தள்ளியபோது மெதுவாக ஒரு குரல் சொன்னது: "ரொம்ப நன்றிக்கா. நீங்க சாப்டீங்களா?"

அவள் அங்கேயே மண்டியிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். மறுநாள் திட்டி வழியாகத் தாள்கள் வந்தன. ஓர் அடித்தல் இல்லை, ஒரு மைச்சொட்டு இல்லை. படியெடுக்கவே அவசியமில்லாத கையெழுத்து. அவன் எழுதியதிலேயே நல்ல கதை. அதற்கடுத்த நாள் இன்னொன்று.

தம்பி அவளை ஒருநாளும் 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. அதைக் குடி தெளிந்த மரியாதை என்று அவள் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டாள்.

வெங்காயம்கூட மிச்சமில்லாத அந்தத் தட்டு வந்தது பதினான்காம் நாள் காலையில். அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள். ஏணி வைத்த தடம் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். மாடி ஜன்னலுக்குக் கீழே பனி, விரித்த வெள்ளைத் துணி போல, ஒரு குருவிக் கால்கூடப் படாமல் கிடந்தது.

"என்னம்மா தேடுறீங்க?"

வேலிக்கு அப்பால் ஃபிட்ச் நின்றான். பனிக்கட்டி அறுக்கிறவன்; தம்பியின் குடிக்கூட்டாளி.

"உன்னத்தான் தேடுறேன். பாட்டில் எந்த வழியா உள்ள போவுது?"

"பாட்டிலா? அட போங்கம்மா. நான் எட்டிப் பாக்கவே பயந்துக்கிட்டு இருக்கேன். எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். எழுதுறான். தினமும் எழுதுறான்."

ஃபிட்சின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "குடிக்காமலா? கை நடுங்கும்மா அவனுக்கு. ஒரு வாய் உள்ள போவலன்னா அவன் பேர அவனால எழுத முடியாது. அதச் சொல்லித்தானே எங்கிட்ட அழுவான்." அவன் ஜன்னலை அண்ணாந்து பார்த்தான். "மொத நாலு நாளும் அங்க நின்னு கைய ஆட்டுனான். அப்புறம் ஆளே காணோமே."

"பொய் சொல்ற."

"எனக்கென்னம்மா லாபம்?"

அவள் திரும்பி வந்தாள். ஃபிட்ச் பொய் சொல்கிறான். க்வின்பியும் ஏதோ மறைக்கிறார். தச்சன் திட்டியை ஏன் அவ்வளவு பெரிதாக அறுத்தான்? ஒவ்வொரு படியிலும் ஒருவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே ஏறினாள். கதவுக்குள் இருப்பவனை மட்டும் நினைக்க மனம் மறுத்தது.

திட்டியின் வெளியே புதிய தாள்கள் கிடந்தன. நின்றபடியே படித்தாள்.

காய்ச்சலில் கிடக்கும் ஒரு தாயின் கதை. தண்ணீர் கொடுத்தால் செத்துவிடுவாள் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். பதினைந்து வயது மகள் கூஜாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூடிய கதவுக்கு வெளியே நிற்கிறாள். உள்ளிருந்து தாய் கெஞ்சுகிறாள். மகள் திறக்கவில்லை. விடிந்தபோது கெஞ்சல் நின்றிருக்கிறது. நின்றதே என்று மகள் ஒரு கணம் சந்தோஷப்படுகிறாள்.

அது அவள்; அன்று விடியலில் செத்துக் கிடந்தது அவள் அம்மா. அந்தச் சந்தோஷத்தை அவள் பாதிரியாரிடம்கூடச் சொன்னதில்லை. ஆறு வயதுத் தம்பி அப்போது பெரியப்பாவின் பண்ணையில் இருந்தான்.

"லெம்." கதவருகே குனிந்தாள். மறுபடி கூப்பிட்டாள். "லெம், இத உனக்கு யாரு சொன்னா?"

பேனா நின்றது.

"அம்மாதான் சொன்னாங்கக்கா."

அவள் தடுமாறி இறங்கி ஓடி, டாக்டரை அழைத்துவர ஃபிட்சை அனுப்பினாள்.

க்வின்பி கையைத் தேய்த்துக்கொண்டே படியேறினார். "இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்கே மிஸ் பாமராய். நல்லா எழுதுறாருன்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் என்ன பதட்டம்?"

"தொறங்க டாக்டர். தயவு பண்ணித் தொறங்க."

அவள் கழுத்துச் சாவியை வாங்கி அவரே பூட்டைத் திறந்தார். கதவு கொஞ்சம் நகர்ந்து எதிலோ முட்டிக்கொண்டது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். உள்ளே பார்த்தார். அவர் கையிலிருந்து தொப்பி விழுந்தது.

லெம்யுவல் கதவை ஒட்டித் தரையில் குப்புறக் கிடந்தான். முகம் திட்டியைப் பார்த்திருந்தது. விரல்நுனிகள் கிழிந்து, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. குளிரில் உடம்பு கட்டையாக விறைத்துப் போயிருந்தது.

டாக்டர் குனிந்து தொட்டார்.

"உயிர் போயி ஒன்பது பத்து நாள் இருக்கும்."

"சாப்டான்," என்றாள் தர்ஸா. "காலையில சாப்டான்."

அவர் அவள் முகத்தைப் பார்த்த பார்வை அவளுக்குப் புரிந்தது. இனி அவர் சந்தேகப்படுவது அவளைத்தான். "நீங்க எதையும் தொடாதீங்க. ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வரேன்." படிகளில் அவசரமாக இறங்கினார். வாசற்கதவு அறைந்து சாத்தப்பட்டது.

தர்ஸா தம்பியின் அருகில் உட்கார்ந்தாள். அவன் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். சால்வையை எடுத்துப் போர்த்தினாள். கத்தல் நின்றபோது வந்து பார்த்திருக்கலாம். ஒரே ஒரு தடவை. அழுகை வரவில்லை.

நிமிர்ந்தாள்.

ஜன்னலோரம் மேஜை. அதன்மேல் ஒரு தாள், பாதி எழுதியது. பிற்பகல் வெளிச்சத்தில் கடைசி வரி மின்னியது.

எழுந்து போனாள். விரலை வைத்தாள்.

மை ஈரம்.

ஜன்னல் ஆணியடித்தபடியே இருந்தது. கட்டிலுக்கடியில் ஒன்றுமில்லை. அலமாரி திறந்து கிடந்தது. இருப்பது ஒரே வழி. அதன் குறுக்கே லெம்யுவல் கிடந்தான்.

நாற்காலி பின்னால் தள்ளியிருந்தது, யாரோ மரியாதைக்கு எழுந்து நின்றதைப் போல. அதன் மெத்தைத் திண்டின் நடுவில், ஆள் உட்கார்ந்த குழி.

கையை வைத்தாள். வெதுவெதுப்பு.

கையை இழுத்துக்கொண்டாள். குழி மெல்ல மெல்ல நிமிர்ந்தது. திண்டுக்குள் இருந்த இறகு உப்பிச் சமமானது.

அவள் மூச்சுவிடவில்லை.

நாற்காலி மேஜையை நோக்கி ஓர் அங்குலம் நகர்ந்தது.

திண்டு மறுபடி அமுங்கியது.