கமலம் பேச மாட்டாள்

போன் அலறியது!

கோர்ட் வளாகத்துச் சட்ட உதவி மையத்தில், முதல் இட்லியைப் பிட்ட கையோடு சுலோச்சனா எடுத்தாள். சம்பளமில்லாத தன்னார்வலர். காலையிலிருந்து பென்ஷன் நின்றுபோனவர்கள், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனவர்கள் என்று ஒரே கூட்டம்.

"அக்கா, கான்ஸ்டபிள் யுவஸ்ரீ பேசறேன்... ஸ்டேஷன்லேருந்து. புருஷனக் கொன்னுட்டான்னு ஒரு பொம்பளயக் கொண்டாந்திருக்காங்க. வாயே தொறக்க மாட்டேங்குது. உங்க பேர மட்டும் சொல்லுது!"

"பேரு?"

"கமலம்!"

இட்லி மறுபடி டப்பாவுக்குள் போனது. டப்பா பைக்குள் போனது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஆனந்தராஜ் செல்போனை நீட்டினார். பக்கத்தில் செராமிக் கம்பெனி முதலாளி சுப்பிரமணியன்.

"பாருங்கம்மா. இவரு கம்பெனி கேமரா."

விடியல் வெளிச்சம். முதல் ஷிப்ட்டுக்குத் திறந்த கேட். மூன்று சக்கர வண்டி ஒன்றை மூச்சிரைக்கத் தள்ளி வருகிறாள் கமலம். வண்டியில் அவள் புருஷன் பக்கிரி... பிணமாக! சூளை ஓரம் இறக்கிக் கிடத்துகிறாள்.

"பின் மண்டையில காயம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நேத்து அவன் வேலைக்கே வரல!" சுப்பிரமணியன் துடித்தார். "வூட்ல அடிச்சிக் கொன்னுட்டு, என் கம்பெனியில கொண்டாந்து போட்டுப் பணம் புடுங்கப் பாக்கறா!"

கமலம் மூலை பெஞ்சில். அழுது வற்றிய கண்கள்.

"என்னம்மா நடந்துச்சு?"

"நீங்க வக்கீலா யக்கா?"

"இல்ல. வக்கீல் வளவன வரச் சொல்லியிருக்கேன். இலவசம்தான்."

"அப்ப அவரு வரட்டும்."

"என்கிட்ட சொல்லேன்..."

"நீங்கதான கேம்ப்ல சொன்னீங்க... வக்கீல் வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதீங்கன்னு!"

சிரிப்பதா, அழுவதா? எத்தனை வருஷம், எத்தனை இலவசச் சட்ட முகாம்! வந்தவர்களில் பாதிப்பேர் பிஸ்கட்டுக்கு; மீதிப்பேர் ஃபேன் காற்றுக்கு. காது கொடுத்துக் கேட்ட ஒரே ஜீவன்... கொலைக் கேஸில்!

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஏன் அங்க கொண்டு போன?"

"அதையும் நீங்கதான சொன்னீங்க. வேல எடத்துல செத்தா மொதலாளி நஷ்டஈடு தரணும்னு."

"கேட்டீங்களா!" இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார். "அவளே ஒத்துக்கிட்டா!"

"போலீஸ்கிட்ட ஒத்துக்கறது கோர்ட்ல செல்லாது சார்."

வாய் அலுப்பாகச் சொன்னது. தன் முகாம்தான் இவளை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறதா? வாசற்படியில் ஸ்கூல் யூனிஃபார்மோடு கமலத்தின் மகள் தமிழினி. அப்பன் போயாச்சு. அம்மாவும் உள்ளே போனால்?

"வீடியோவ இன்னொரு தடவ போடுங்க சார்."

ஓடியது.

"நிறுத்துங்க!"

வண்டியின் பக்கவாட்டில்... மஞ்சள் பெயிண்ட்டில்... கம்பெனி பெயர்!

"வண்டி யாருது சார்?"

"எ... எங்களுதுதான்." சுப்பிரமணியனின் கைக்குட்டை வெளியே வந்தது. "திருடிட்டுப் போயிருப்பா!"

"திருடின வண்டிய, திருடின எடத்துக்கே தள்ளிட்டு வந்தாளா? அது எப்ப வெளிய போச்சு? நேத்து சாயங்காலத்தக் காட்டுங்க."

"நேத்து கேமரா ரிப்பேரு..."

"காலையில தானா சரியாயிடுச்சா?"

இப்போது கேட்டது இன்ஸ்பெக்டர். குரல் மாறியிருந்தது!

கருப்புக் கோட்டை மாட்டியபடியே வளவன் நுழைந்தார். கமலம் எழுந்தாள்.

"நீங்க வக்கீலா?"

"ஆமாம்மா."

அவ்வளவுதான்!

"நேத்து சாயங்காலம் இவரு ஆளுங்க அந்த வண்டியிலதான் அவர வூட்டுக்குக் கொண்டாந்தாங்க சாரு! பாயில படுக்க வச்சி, 'மாரடைப்பு, சீக்கிரம் எடுத்துடு'ன்னாங்க. தலையில ரத்தம்! சட்ட பூரா கம்பெனி ஈரக் களிமண்ணு! என்னடான்னு கத்துனேன். ஒருத்தன், 'சூளப் பரண்லேருந்து வுழுந்துட்டாரு'ன்னு ஒளறிட்டான். வண்டிய வுட்டுட்டு ஓடிட்டாங்க..."

கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நான் கொண்டு போவல சாரு. எடுத்த எடத்துல திருப்பி வச்சேன்!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினார்.

"அந்த ரிப்பேர் கேமராவ நாங்களே வந்து பாக்கறோம்," என்றார் ஆனந்தராஜ்.

சுப்பிரமணியன் வாசல் பக்கம் நகர... யுவஸ்ரீ குறுக்கே நின்றாள்.

"சார்... நான் என்ன சொல்ல வரேன்னா..." முதலாளி இழுத்தார்.

சுலோச்சனா டிபன் பாக்ஸைத் திறந்தாள். இட்லி கல்லாகியிருந்தது.

"வக்கீல் வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க மொதலாளி. அட்வைஸ் இலவசம்... பிஸ்கட்டுதான் தீந்து போச்சு!"