அழிக்குமுன் ஒரு வாசிப்பு

காலை ஆறு நாற்பதுக்கு ஜெசிந்தா தன் கூப்பே காரின் கதவைத் திறப்பாள். "இந்தப் பயணம் என் நினைவில் இருக்கும்" என்று வண்டி சொல்லும். "சரி" என்று அவள் சொன்ன பிறகுதான் அது கிளம்பும். புதுத்துறையில் எந்த வண்டியும் அந்த ஒரு சொல்லை வாங்காமல் நகராது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்கூட சீட்டில் உட்காருமுன்பே சரி சொல்லிப் பழகியிருந்தார்கள்.

பழைய துறைமுகத்தைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, உப்பளங்களைத் தாண்டித் தெற்கே கட்டிய ஊர் அது. ஜெசிந்தா அங்கே கப்பல் வழிகாட்டி. கப்பல்கள் நடுக்கடலில் தாமாகவே ஓடி வரும். கடைசி மூன்று மைலுக்கு மட்டும் ஒரு மனிதக் கண் கப்பலின் ஓட்டுமேடையில் நிற்க வேண்டும் என்பது விதி. படகில் போய், நூலேணியில் ஏறி, கப்பலைத் தளத்தில் கொண்டுவந்து அணைப்பது அவள் வேலை. அவள் கணவன் கிளாட்வின் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தரச் சோதகன்.

அந்தக் கூப்பேக்கு இரண்டே கதவு, தாழ்ந்த கூரை. கையால் மட்டுமே ஓட்டக்கூடிய ஸ்போர்ட்ஸ் வண்டி. எல்லோரும் தானோட்டிக்கு மாறிவிட்ட ஊரில் அப்படி வண்டிகள் நூறுகூட இருக்காது. மூன்று மாதம் அலைந்து, ஓசூர் வரை போய்ப் பார்த்து அதை வாங்கினாள். எட்டு வருடத்தில் கிளாட்வினை ஒருநாளும் அதை ஓட்ட விட்டதில்லை.

அந்த வண்டியைக் கொடுத்துவிட்டு ஒரு சொகுசு ஸ்போர்ட் செடான் எடுக்கப்போவதாக ஒரு வியாழக்கிழமை சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். தாழ்ந்த சீட்டில் இடுப்பு வலிக்கிறது என்றாள். உங்க அம்மா வந்தால் பின்னால் ஏற முடியவில்லை என்றாள். செடானில் தானோட்டி இருக்கிறது, வேலை முடிந்து வரும்போது தூங்கலாம் என்றாள். முன்பணம் கட்டியாகிவிட்டது, நாளைக்கே கூப்பேயைப் பழைய வண்டிகளை எடுத்துக்கொள்ளும் மாற்றகத்தில் விட வேண்டும்.

கிளாட்வினுக்கு உறுத்தியது அந்த மூன்று காரணங்கள்தான். அவள் எதற்கும் ஒரு காரணத்துக்கு மேல் சொல்கிறவள் இல்லை. செடானை ஓட்டிப் பார்த்தாயா என்று கேட்டான். இல்லை என்றாள். என்ன நிறம் என்று கேட்டான். யோசித்துவிட்டு, சாம்பல் என்று நினைக்கிறேன் என்றாள்.

வண்டியின் நினைவேட்டில் எல்லாம் இருக்கும். உள்ளே பேசிய பேச்சு, ஸ்டியரிங்கில் கை அசைந்த விதம், கண் போன இடம், எந்த சீட்டில் எத்தனை கிலோ எடை. ஆனால் அது பூட்டிய ஏடு. நீதிமன்ற ஆணை இல்லாமல் போலீசும் திறக்க முடியாது. வண்டி கைமாறும்போது ஏட்டை முழுவதுமாக அழித்துவிட வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதனால்தான் ஊரில் யாராவது திடீரென்று வண்டி மாற்றினால், எதை மறக்கப் போகிறார்களோ என்று அக்கம்பக்கத்தில் மெல்லக் கேட்டுக்கொள்வார்கள். அந்தக் கேள்வியை மற்றவர்களைப் பற்றிக் கிளாட்வினும் கேட்டிருக்கிறான்.

அவன் ஏழு மாதமாகச் சில விஷயங்களைக் கவனித்து வந்தான். அவளாக அவனைக் கூப்பேயில் ஏற்றிப் போவது நின்றிருந்தது. துறைமுகத்துக்கு ஒன்பது கிலோமீட்டர். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் முப்பது நாற்பது கூடுதலாக ஓடியிருந்தது. ஒருநாள் குடை எடுக்கப் போனபோது இடது சீட்டு கடைசி வரை பின்னால் தள்ளியிருந்ததைப் பார்த்தான். அவன் குட்டை. நெட்டையான ஒருவன் கால் நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். கப்பல்களில் அவளுக்குத் துணையாக ஏறும் பெர்க்மான்ஸ் ஆறடிக்கு மேல்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து திரும்பி நடக்கும்போது, பெர்க்மான்ஸ் எப்படி இருக்கிறான் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டான். அவளுக்கு வலப்பக்கம் நடந்துகொண்டிருந்தான். நல்லா இருக்கான் என்றாள், அவன் பக்கம் திரும்பவே இல்லை. அந்தத் திரும்பாத முகம் பல நாள் அவனைத் தூங்க விடவில்லை.

வெள்ளிக்கிழமை கூப்பே மாற்றகத்துக்குப் போனது. திங்கள் மாலை ஏடு அழிக்கப்படும். திங்கள் காலை கிளாட்வின் விடுப்பு சொல்லிவிட்டு அங்கே போனான்.

பதிவில் இருவர் பெயரும் இருந்ததால் அவனுக்கு ஓர் உரிமை இருந்தது. அழிக்குமுன் இணை உரிமையாளர் ஒரே ஒரு முறை ஏட்டை வாசிக்கலாம். அதை யாரும் பெரும்பாலும் கேட்பதில்லை. ஏடுகளை அழிக்கும் மறதிக்கூடத்தில் பொறுப்பாக இருந்த இசக்கிப்பிரியா என்ற பெண் படிவத்தை எடுக்கவே சிறிது நேரம் தேடினாள். பிறகு எதிரே உட்கார்ந்து, நிதானமாக விதியைச் சொன்னாள். வாசிக்காத ஏடு அழிந்துபோகும். மனிதக் காது ஒருமுறை கேட்டுவிட்டால், கேட்ட பகுதி பூட்டில் இல்லை. அதை ஆய்வுப்பொறியும் கூடவே கேட்கும். அதில் பொதுப் பாதுகாப்பைத் தொடுவது ஏதாவது இருந்தால் உரிய துறைக்குத் தானாகப் போய்விடும்.

"குடும்ப விஷயம் எதுவும் போகாது சார். அது பத்தி யாருக்கும் கவலை கிடையாது. ஆனா வேற எதுவும் இருந்துச்சுன்னா எங்களால நிப்பாட்ட முடியாது," என்றாள். "தேவைப்பட்ட நாளை மட்டும் தெறங்க. எல்லாத்தையும் தெறக்காதீங்க."

கிளாட்வின் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். தன் வீட்டுச் சந்தேகத்துக்கும் பொதுப் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

சிறிய அறை, ஒரு நாற்காலி, காதில் மாட்ட ஒரு கருவி. ஏழு மாதத்துச் செவ்வாய்க்கிழமைகள் திரையில் வரிசையாக நின்றன. முதலாவதைத் திறந்தான். இடது சீட்டில் எண்பத்தொரு கிலோ என்று காட்டியது. கதவு மூடும் சத்தம். பிறகு வெகுநேரம் வண்டி ஓடும் ஓசை மட்டும்.

"ஜெசி," என்றது பெர்க்மான்ஸின் குரல். வீட்டில் கிளாட்வின் மட்டும் கூப்பிடுகிற பெயர் அது. "ஜெசி, வலது."

சிறிது தூரம் கழித்து, "வலது. லாரி." பிறகு, "வலது, ஆடு நிக்குது. பாத்தியா?"

"பாக்கல," என்றாள் ஜெசிந்தா. "நீ சொன்னப்புறந்தான் தெரிஞ்சுது."

திரையின் ஓரத்தில் அவள் பார்வை போன இடங்கள் புள்ளிகளாக விழுந்துகொண்டிருந்தன. சாலையின் இடப்பக்கமும் நடுவும் புள்ளிகளால் நிறைந்தன. வலப்பக்கம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. கடற்கரைச் சாலையில் போகிறார்கள். அவள் ஓட்டுகிறாள், அவன் பக்கத்தில் இருந்து வலப்பக்கத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறான். தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகுகிறாள். வேறு ஒன்றும் இல்லை.

பதினோரு நிமிடத்தில் கிளாட்வினுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாய்விட்டுச் சிரிக்கக்கூடச் செய்தான். அவள் கண்ணுக்கு என்னவோ ஆகியிருக்கிறது என்ற பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த நேரத்தில் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஓட்டத் தடுமாறும் ஒருத்தி வண்டியைக் கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான். ஆய்வுப்பொறிக்கு அதில் அனுப்ப ஒன்றும் இருந்திருக்காது.

அவன் முதலாவதைக் கடைசிவரை கேட்டுவிட்டு இரண்டாவது செவ்வாய்க்கிழமையைத் திறந்தான். அதை முழுவதும் கேட்டான். மூன்றாவதைத் திறந்தான். நான்காவதையும் திறந்தான். ஏன் என்று பின்னால் விசாரணையில் கேட்டபோது தெரியவில்லை என்றுதான் சொன்னான்.

நான்காவது செவ்வாயில் வண்டி எங்கோ நின்றிருந்தது. அலைச் சத்தம் கேட்டது.

"இன்னைக்கு ஆறு தடவை பாக்காம விட்டுட்டே, ஜெசி," என்றான் பெர்க்மான்ஸ். "கூடிட்டே போகுது. கிளாட்வின்ட்டச் சொல்லிரு."

"சொன்னா அவரு என்னக் கப்பல்ல ஏற விடமாட்டாரு."

"விடக்கூடாதுதான்."

"இன்னும் எட்டு மாசம். பதினஞ்சு வருசம் முடிஞ்சா துறைமுகக் கோபுரத்துல ஒக்காந்து பாக்குற வேலை கேக்கலாம். அதுக்கு முன்னால சோதனைக்குப் போனா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க." என்றாள் ஜெசிந்தா. "கப்பல்ல நீதான் வலப்பக்கம் நிக்கேல்லா. அது போதும்."

கிளாட்வின் அந்த வரியில்தான் நிமிர்ந்தான். அவசரமாக நிறுத்தினான். திரையில் ஒரு சிறு கட்டம் வந்தது. வாசிக்கப்பட்டதில் ஒரு பகுதி பொதுப் பாதுகாப்பைச் சார்ந்தது, துறைமுகப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது என்று அதில் இருந்தது.

வெளியே ஓடி வந்து இசக்கிப்பிரியாவிடம் கெஞ்சினான். தான் தவறுதலாகத் திறந்துவிட்டதாகச் சொன்னான். கேட்டதைக் கேட்காததாக ஆக்க வழியில்லையா என்றான். அவள் எழுந்து நின்றே பதில் சொன்னாள். தன் கையில் எதுவும் இல்லை என்றும், இப்போதே வீட்டுக்குப் போனால் அவர்கள் சொல்லுமுன் நீங்கள் சொல்லிவிடலாம் என்றும் சொன்னாள்.

ஜெசிந்தாவுக்கு அன்று மதியத்துக்குமேல்தான் கப்பல். அவன் போனபோது சமையலறையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். சீட்டு தள்ளியிருந்தது முதல், திரையில் வந்த கட்டம் வரை. அவள் கையைக் கழுவினாள். ஈரத்தைத் துடைக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நேரம் கேட்டீங்க?"

"ஒரு மணி நேரம் நாப்பது நிமிசம்."

"மொத நாளே தெரிஞ்சிருக்கும்லா, அவன் எதுக்கு வந்தான்னு."

"தெரிஞ்சுது."

"அப்பறம்?"

அதற்குப் பதிலாக, தன்னிடம் முன்பே சொல்லியிருக்கலாமே என்றான். சொல்லாதது தப்பு, கப்பலில் ஏறியது அதைவிடப் பெரிய தப்பு, அதற்கு என்ன தண்டனை வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றாள் ஜெசிந்தா. குரல் உயரவில்லை.

"ஆனா நீங்க கப்பலுக்காகப் போகலேல்லா," என்றாள். "அதை மட்டும் நீங்க ஞாபகம் வச்சுக்கணும்."

பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்திலிருந்து அழைப்பு வந்தது. மதியக் கப்பலுக்கு வேறு ஆள் போகிறார், நீங்கள் வர வேண்டாம் என்றார்கள்.

விசாரணை ஆறு வாரம் நடந்தது. அந்த ஏழு மாதத்துக்குள், நான்காவது மாதத்தில் ஒரு தானியக் கப்பல் தளத்தில் உரசியதைக் காற்றின் மேல் பழி போட்டுப் பெர்க்மான்ஸ் எழுதியிருந்தது வெளியே வந்தது. அன்று தளத்தில் பதினேழு பேர் கயிறு பிடித்து நின்றிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜெசிந்தாவின் உரிமம் போனது. கோபுரத்து வேலையும் போனது. பெர்க்மான்ஸை இரண்டு வருடம் நிறுத்தி வைத்தார்கள். அவன் குடும்பத்தோடு மனைவி ஊரான வீரபாண்டியன்பட்டினத்துக்குப் போய்விட்டான். போகுமுன் ஜெசிந்தாவிடம் விடைபெற வந்தவன், கிளாட்வினிடமும் கைகொடுத்தான். கோபமாக ஒரு வார்த்தையும் பேசாததுதான் கிளாட்வினால் தாங்க முடியாமல் இருந்தது.

பாதுகாப்புப் பிரிவின் அதிகாரி ஒருவர் அவனுக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். பதினேழு பேரில் ஒருவரின் மனைவி கடைத்தெருவில் அவனைப் பார்த்துக் கும்பிட்டாள். அவன் செய்தது ஊருக்கு நல்லதாகவே முடிந்திருந்தது. அதைச் சொல்லி யாராவது பாராட்டினால் பேச்சை மாற்றிவிட்டு நகர்ந்துவிடுவான்.

செடான் வந்துவிட்டது. சாம்பல் இல்லை, கரும்பச்சை. தோல் சீட்டுகள் உடம்பின் சூட்டுக்கு ஏற்றபடி மாறின. மேடு பள்ளம் தெரியாமல் ஓடியது. மாதம் ஒருமுறை அதில்தான் மதுரைக் கண் மருத்துவமனைக்குப் போய்வந்தார்கள். இரண்டரை மணி நேரமும் இருவரும் பேசுவதில்லை. வண்டி கேட்ட சரியைச் சொல்வதோடு சரி. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட ஜெசிந்தா கையைத்தான் நீட்டுவாள்.

ஐந்தாவது முறை திரும்பி வரும்போது, சாயங்காலம், உப்பளங்களின் நடுவே வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி வரப்பில் ஐம்பது அடி நடந்தாள். கிளாட்வின் பின்னாலேயே போனான். வண்டியின் காதுக்கு எட்டாத தூரம் வந்ததும் நின்றாள்.

வலக்கண்ணில் பார்வை போனதுபோல் இடக்கண்ணிலும் ஆரம்பித்துவிட்டதாக மருத்துவர் சொன்னதைச் சொன்னாள். சொட்டுமருந்து போட்டால் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. கிளாட்வின் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் கையை விடுவிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "இங்கன நம்ம ரெண்டு பேர்தான் இருக்கோம். உண்மையைச் சொல்லுங்க. எல்லாம் தெரிஞ்ச பொறவு ஏன் அடுத்த நாளைத் தெறந்தீங்க?"

"மொத நாள் கடைசியில நீ சிரிச்சே," என்றான். "அவன் ஏதோ மெல்லச் சொன்னான், சரியாக் கேக்கல. நீ ரொம்ப நேரம் சிரிச்சே. எங்கிட்ட அப்படிச் சிரிச்சு எவ்வளவோ நாளாச்சு. அடுத்த நாளும் சிரிக்கியான்னு பாத்தேன். எதுக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு."

ஜெசிந்தா உப்புக் குவியல்களைப் பார்த்தபடி யோசித்தாள். உண்மையாகவே யோசிக்கிறாள் என்பது அவள் நெற்றியில் தெரிந்தது.

"ஞாபகம் வரல," என்றாள். "அந்த ஏட்டையும் முத்திரை வச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. பெர்க்மான்ஸுக்கு ஞாபகம் இருக்கும். போன் போட்டுக் கேக்கட்டுமா?"

"வேண்டாம்," என்றான் கிளாட்வின் உடனே.

அவள் தலையசைத்துவிட்டு வரப்பில் திரும்பி நடந்தாள். அவன் அவளுக்கு ஓரடி பின்னால் நடந்தான். பாதி தூரம் போனதும், பெர்க்மான்ஸிடம் கேட்கவா என்றபோது அவள் முகம் எப்படி இருந்தது, ஞாபகம் வரல என்றது நிஜந்தானா என்று மனசுக்குள் மறுபடி பார்த்துக்கொண்டு வருவதை அவனே கண்டுகொண்டான். நின்றான். அவள் அது தெரியாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.